மூன்று படி ஏறாதவர்கள் (வாசகர் கேள்வி, பாலக்கோட்டிலிருந்து பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதியோர் எழுத்தறிவு வகுப்புகளைப் பற்றியே இருந்தன. ஆச்சரியமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். எங்கள் தருமபுரி மாவட்டம் 68.5. மாநிலத்திலேயே கடைசி. பெண்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு ஆறு பேர் என்ற கணக்குதான் வரும். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் தையல்காரி. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராகப் போனேன். அப்புறம் பெயர் மாறி மாறி வந்த ஒவ்வொரு திட்டத்திலும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் மெஷின் ஓடாத நேரத்தில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கே: புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கும் இளைஞன் நான். எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் மாலை 4 மணிக்கு வகுப்பு. பட்டியலில் 20 பேர். வருவது ஆறேழு பேர்தான், அதுவும் பள்ளிக்கு எதிரே உள்ள ஒரே தெருவிலிருந்து. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். 'வர்றோம், வர்றோம்' என்கிறார்கள், வருவதில்லை. ஆர்வமில்லாதவர்களை என்ன செய்வது?
(ஒரு தன்னார்வலர், காரிமங்கலம் ஒன்றியம்)

ப: தம்பி, 'ஆர்வமில்லை' என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். நானும் அதை எழுதியவள்தான். ஒரு தரம் இல்லை, பதினோரு தரம்.

அறிவொளிக் காலம். எனக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் இரவு ஏழரைக்கு வகுப்பு வைத்தேன். நல்ல இடம். மேலே கூரை, ஒரு டியூப் லைட், கீழே சிமெண்ட் தரை, நாற்பது பேர் உட்காரலாம். 'ஊர்ப் பொது இடம்' என்று பெரியவர்கள் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பட்டியலில் ஊருக்குள் இருந்து பதினாலு பெண்கள், காலனியிலிருந்து பதினோரு பெண்கள். பதினாலு பேரும் வந்தார்கள். காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பதிவேட்டில் அந்தப் பதினோரு பெயருக்கும் நேராக 'ஆர்வமில்லை' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன்.

ஒரு நாள் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நின்று பேசினேன். பதினோரு பேரில் அவரும் ஒருவர். 'ஏம்மா வகுப்புக்கு வர்றதில்ல?' என்று கேட்டேன். அவர் களைக்கொத்தை நிறுத்தவே இல்லை. 'அங்க எங்க கண்ணு நாங்க ஏறறது?' என்றார். கோபமில்லை, குறையில்லை. மழை வருமா வராதா என்று சொல்வது போலச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மண்டபத்துக்குப் போனபோதுதான் அந்தப் படிகளைப் பார்த்தேன். மூன்று படி. இரண்டு மாதமாக நான் ஏறி இறங்கியவைதான். எனக்கு அவை கண்ணில் பட்டதே இல்லை.

சரி, தப்பைத் திருத்திக்கொள்வோம் என்று வகுப்பைக் காலனிப் புளியமரத்தடிக்கு மாற்றினேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ஊர்ப் பெண்கள் பதினாலு பேரில் வந்தது மூன்று பேர். அந்த மூன்று பேரையும் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத முடியாது. கொஞ்ச நாள் இரண்டு இடத்திலும் நடத்தினேன், உடம்பு தாங்கவில்லை. கடைசியில் பால் சங்கத்துத் திண்ணை கிடைத்தது. அங்கே எல்லாம் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையும் மாலையும் எல்லாத் தெருப் பெண்களும் கேனோடு ஒரே வரிசையில் நின்று பழகிய இடம். பால் ஊற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்தார்கள். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பால் அட்டையை எடுத்தேன். எத்தனை லிட்டர், என்ன டிகிரி, எவ்வளவு ரூபாய். தன் அட்டையில் நேற்று இரண்டு லிட்டர் ஊற்றியதை ஒன்றரை என்று எழுதியிருப்பதை ஒரு பெண் கண்டுபிடித்த அன்று பாருங்கள், மறுநாள் கூட்டம். எல்லாரும் வந்துவிடவில்லை. இருபத்தைந்தில் பன்னிரண்டு பேர் கடைசிவரை படித்தார்கள்.

உங்கள் ஊருக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தெரியாத படி எது? சாதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 4 மணி என்பதே ஒரு படி. கூலிக்குப் போனவர் 5 மணிக்குத்தான் திரும்புகிறார். அப்புறம் மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். 4 மணிக்கு வர முடிகிறவர் யார்? பள்ளிக்கு எதிர்த் தெருவில் கூலிக்குப் போகாத வீட்டுப் பெண். உங்கள் ஆறேழு பேரும் அவர்கள்தானே? பள்ளிக்கூடம் என்பதும் ஒரு படி. சின்ன வயதில் அங்கே அடி வாங்கிப் பாதியில் நின்றவர், பேரன் படிக்கும் அதே பெஞ்சில் போய் உட்காருவாரா?

எனவே ஒரு வாரம் வகுப்பை நிறுத்தினாலும் பரவாயில்லை. வராத பதின்மூன்று பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிடப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். 'ஏன் வரல' என்று கேட்டால் 'வர்றோம்' என்றுதான் பதில் வரும். 'எங்க வச்சா, எப்ப வச்சா தோதுப்படும்?' என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி மதியச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் கேட்டுப் பாருங்கள். அங்கே எல்லாத் தெருவும் ஒரே ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போது தனித்தனி மரத்தடிக்குப் பிரிகிறார்களா என்பதையும் கவனியுங்கள். பிரிந்தால், இரண்டு மரத்துக்கும் நடுவில் உட்காருங்கள்.

கே: எங்கள் பஞ்சாயத்தில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் கன்னடம், ஓரமாக ஒரு லம்பாடிக் குடியிருப்பு. வகுப்பில் தமிழ்ப் பாடம். பெண்கள் வாயைத் திறப்பதே இல்லை. தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழ் எழுத்தைத் திணிக்கிறோமோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.
(வார்டு உறுப்பினர், தளி ஒன்றியம்)

ப: தெரியாதவர்கள் இல்லை அம்மா. உங்கள் பக்கத்துப் பெண்கள் மூன்று பாஷையில் சந்தை செய்கிறவர்கள். நமக்குத்தான் ஒன்று. அவர்கள் வாயைத் திறக்காததற்கு வேறு காரணம் இருக்கும்.

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். பலகையில் பால் படம். 'இது என்ன?' என்றேன். ஒரு அம்மா 'ஹாலு' என்றார். நான் சிரித்துக்கொண்டே 'ஹாலு இல்லம்மா, பால்' என்று திருத்தினேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பழைய கன்னடத்தில் அதுவும் 'பால்'தான், பின்னாளில் சொல்லின் முதலில் வரும் ப பெரும்பாலும் ஹ ஆயிற்று என்பதை அப்புறம் ஒரு கன்னட வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா தப்பாகச் சொல்லவே இல்லை. நான்தான் தப்பாகச் சிரித்தேன்.

அதிலிருந்து அந்தப் பக்கம் போனால் முதல் நாள் பாடம் ஒரே சொல்தான்: உப்பு. தமிழில் உப்பு, தெலுங்கில் உப்பு, கன்னடத்திலும் உப்பு. யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு கல்லுப்பைக் கையில் கொடுத்துவிட்டு, உ, ப், பு என்று மூன்று எழுத்தை எழுதினால் முடிந்தது. இரண்டாம் நாள் ராகி. புத்தகத்தில் 'கேழ்வரகு' என்று இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் களி கிண்டும் எவரும் ராகி என்றே சொல்கிறோம். மூன்றாம் நாள் பால் எழுதி, பக்கத்திலேயே பாலு, ஹாலு என்று தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தன் வீட்டுச் சொல் பலகையில் ஏறியதைப் பார்க்கிறபோது முகம் மாறும் பாருங்கள், அதற்காகவே தளிக்கு வரலாம் போல இருக்கிறது. லம்பாடிக்குத் தனி எழுத்து கிடையாது, எந்த எழுத்தில் எழுதினாலும் அவர்களுக்குச் சரிதான். பாலுக்கு என்ன சொல் என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள். அன்றைக்கு அவர்கள் டீச்சர், நீங்கள் மாணவி.

தமிழ் எழுத்துத் தேவையா என்ற உங்கள் சந்தேகத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட வழி அரசுப் பள்ளிகள் உண்டு. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ரேஷன் கடைப் பலகை, பஸ் போர்டு எல்லாம் தமிழ். ஆகவே பெரும்பாலானவர்கள் தமிழ் எழுத்துதான் வேண்டும் என்பார்கள். ஆனால் மகளைக் கர்நாடகத்து ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்தவர் கன்னட எழுத்துக் கேட்கலாம். கேட்டால் கொடுங்கள். இரண்டாவது பலகை ஒன்று வாங்க பஞ்சாயத்தில் பணம் இல்லையா என்ன?

கே: எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பு சார்பில் சமுதாயக் கல்வித் திட்டம் ஒன்று எழுதித் தர வேண்டும். படிவத்தில் 'பன்முகத்தன்மை மற்றும் உள்ளடக்கம்: திட்டமிடல்' என்று அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. மொத்தம் 200 மணி நேரம் நடத்த வேண்டும். அந்த அரைப் பக்கத்தில் என்ன எழுதுவது?
(குழுச் செயலாளர், கிருஷ்ணகிரி)

ப: 'உள்ளடக்கம்' என்றால் எனக்குப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்று எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே போட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த அரைப் பக்கத்தில் 'சாதி, மத, இன, மொழி வேறுபாடின்றி அனைவரையும்' என்று ஆரம்பிக்காதீர்கள். அதை எல்லாரும் எழுதுவார்கள், அதிகாரி அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார். ஒரு காலண்டரை எடுத்து வையுங்கள். தினசரிக் காலண்டர்தான்.

200 மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு மணி வீதம் நூறு நாள். எந்த நூறு நாள்? உங்கள் கிருஷ்ணகிரியில் மாசி பிறந்தால் பழையபேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு திண்ணையில் புளி. கொட்டை எடுத்து, நார் எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனி எல்லாம் கறுத்துப் போயிருக்கும். அந்தக் கையில் பென்சில் கொடுத்தால் நோட்டு முழுக்கப் புளி ஒட்டும், அவருக்குக் கூலியும் போகும். அப்புறம் சித்திரையிலிருந்து மாங்காய். மாங்கூழ்த் தொழிற்சாலைகள் ஷிப்டு போட்டு ஓடும் மாதங்கள் அவை. மழையை நம்பிய ராகி கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்கள் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஊர் திரும்பும். இதையெல்லாம் காலண்டரில் வட்டம் போடுங்கள். மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். நூறு வராது. வராவிட்டால் பாடத்தை வேலைக்குள் கொண்டுபோக வேண்டும். புளி தட்டும் திண்ணையில் கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும். எடைச் சீட்டைப் படிப்பது, கூலிக் கணக்கைச் சரிபார்ப்பது இரண்டையும் சாயங்காலம் கை கழுவிய பிறகு கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இதுவும் வகுப்புதான் என்று படிவத்தில் எழுதுங்கள்.

அடுத்தது செலவு. படிவத்தில் பணக் கட்டத்தில் புத்தகம், சாக்பீஸ், பேனர் என்று போடுவீர்கள். பேனரை அடியுங்கள். அந்தப் பணத்தில் டார்ச் லைட் வாங்கலாம், இருட்டில் திரும்பிப் போகிறவர்களுக்கு. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்காக ஒரு பாய், இரண்டு கிலுகிலுப்பை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டிக்குச் சின்னத் தொகை. நடக்க முடியாத ஒருவர் இருந்தால் ஆட்டோக் கூலி. இதற்குக் கட்டாயம் தணிக்கையில் கேள்வி வரும் என்று பயப்படுவீர்கள். முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் கேள்வி வராது, எழுதாமல் செய்தால்தான் வரும்.

மலைக்கிராமம் ஏதாவது உங்கள் கூட்டமைப்பில் இருக்கிறதா? இருந்தால் கீழேயிருந்து ஆள் அனுப்பும் திட்டம் போடாதீர்கள். அந்த ஊரிலேயே பத்தாவது முடித்த ஒரு பெண்ணோ பையனோ இருப்பார். எங்கள் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப் பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் மிஷின் ஏறும். நோட்டுப் புத்தகம் ஏறாதாம்!

திட்டக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வகுப்புக்கு வரமாட்டார் என்று நீங்கள் நினைக்கும் இரண்டு பேரை முதலில் கூப்பிடுங்கள். தலைவரும் செயலாளரும் பேசி முடித்த பிறகு 'நீங்க என்ன சொல்றீங்க பாட்டி' என்று கடைசியில் கேட்காமல், முதலில் கேளுங்கள்.

கே: வகுப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் மறந்துவிடுகிறார்கள். 'மண்டைல ஏறல' என்கிறார்கள். ஒரு காது கேளாத இளைஞரும் வருகிறார். அவருக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை.
(தன்னார்வலர், அரூர்)

ப: மண்டையைக் குற்றம் சொல்வதற்கு முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. நான் தையல்காரி, எனக்கு இது ஊசியில் தெரியும். வகுப்பு ஆரம்பிக்கிற அன்று ஆளுக்கொரு ஊசியும் நூலும் கொடுப்பேன். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக் கோக்கிறவர், நூலை எச்சில் தொட்டுத் தொட்டுத் தவறவிடுகிறவர், 'நீயே கோத்துக் குடு கண்ணு' என்கிறவர், இவர்களுக்கெல்லாம் முதலில் கண்ணாடி, பிறகுதான் அகரம். ஒரு வகுப்பில் ஒன்பது பேரில் ஆறு பேர் கோக்கவில்லை. அதில் ஒரு பாட்டி நாலு மாதமாக 'க'வையும் 'ச'வையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தவர். என் கண்ணாடியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். புத்தகத்தை ஒரு முறை பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'இத்தன நாளும் இதுக்குள்ள புள்ளி வேற இருந்துச்சா?' என்றார். பக்கம் முழுக்க மெய்யெழுத்து. நாலு மாதமும் அவர் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் தட்டுப்படவே இல்லை.

கடைக் கண்ணாடியை நீங்களே மாட்டிவிடாதீர்கள். புரை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எல்லாரையும் சேர்த்து ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

காது கேளாத அந்த இளைஞர் விஷயத்தில், நீங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் அவருக்கு வகுப்பே இல்லை. எழுதி முடித்துவிட்டுத் திரும்பி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். சைகை மொழி அவருக்குத் தெரியுமா, வீட்டுச் சைகைதானா என்று விசாரியுங்கள். வீட்டில் தங்கை இருந்தால் அவரே முதல் மொழிபெயர்ப்பாளர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சைகை மொழி தெரிந்தவரைப் பற்றிச் சொல்வார்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் அதற்கும் அங்கேதான் வழி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, நாம் கண்ணுக்குத் தெரியும் நாலைந்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கே: எங்கள் வகுப்பில் சேர ஒரு திருநங்கை வந்திருக்கிறார். ரேஷன் கார்டில் ஆண் பெயர். பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது? பெண்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், பாலக்கோடு)

ப: அவர் சொல்லும் பெயரை எழுதுங்கள். திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது, 2008லேயே. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கலாம், அதற்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பதே அவருக்கு முதல் பாடமாக இருக்கட்டும். முணுமுணுப்பு பத்து நாளில் அடங்கும். அதுவரை அவர் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

கே: ஓசூரில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். நம் ஊர்க்காரர்களுக்கே எழுத்தறிவு இல்லாதபோது அவர்களுக்கு எதற்கு? கடைக்குப் போனால் இந்தியில் பேசுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.
(ஒரு வாசகர், ஓசூர்)

ப: அவர் இந்தியில் பேசினால் எரிச்சல், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாலும் எரிச்சல். அவர் என்னதான் செய்வார் சார்?

என் அண்ணன் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனவர். எங்கள் பக்கம் அப்படிப் போகாத வீடு குறைவு. கன்னடம் பேச ஒரு மாதத்தில் வந்துவிட்டது, படிக்க வரவில்லை. பஸ் போர்டில் கன்னட எண். அதில் சைபர் ஒரு வளையம், ஒன்றும் கிட்டத்தட்ட வளையம்தான், கீழே வாய் திறந்திருக்கும், அவ்வளவே வித்தியாசம். தவறான பஸ் ஏறி, ராத்திரி பத்து மணிக்கு எங்கேயோ இறங்கி, விடிய விடிய ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கடை திறக்க வந்த டீக்கடைக்காரர், கன்னடக்காரர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பழைய பேப்பரின் ஓரத்தில் பத்து எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுத் தாள் அண்ணன் சட்டைப் பையில் பல வருடம் இருந்தது. துவைக்கும்போது நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

குழந்தைகளைப் பற்றி வாதமே கிடையாது. 6 வயது முதல் 14 வரை எந்தக் குழந்தையையும் பள்ளியில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். பெரியவர்களுக்கு நம் பாடப் புத்தகம் வேண்டாம். மருந்துக் கடைச் சீட்டு, மிஷினில் 'அபாயம்' என்ற எச்சரிக்கை, பஸ் போர்டு, இவை போதும். 'நம் ஊர்க்காரர்களுக்கே இல்லாதபோது' என்கிறீர்களே, நம் ஊர்க்காரர்கள் வகுப்புக்கு வாரம் ஆறு நாள் நீங்கள் போய்க்கொண்டிருந்தால் சொல்லுங்கள், ஏழாம் நாளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கே: நான் ஐம்பத்தி எட்டு வயசு பொம்பலை. ஆறு மாசமா வகுப்புக்கு போறேன். இது நான் எலுதற மொதல் கடுதாசி. வீட்ல எலுதி பாக்கும்போது பேரன் சிரிக்கிறான். எலுத்து கோனலா இருக்குங்கறான். வகுப்புல பரிச்சை வருது. போகலாமா, நின்னுக்கலாமா?
(ஊர் பெயர் போடவில்லை, பென்னாகரம் தாலுகா)

ப: அக்கா, உங்கள் கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். எழுதுவதில் 'ழ' மூன்று இடத்தில் 'ல' ஆகியிருக்கிறது. நீங்கள் பேசுவது போலவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாசிக்க ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. 'பொம்பலை'யையும் விட்டுவிட்டேன்.

பரிட்சைக்குப் போங்கள். படிக்க, எழுத, கணக்குப் போட என்று மூன்று பகுதி இருக்கும். கணக்கில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மணியார்டருக்கு எண் எழுதுகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக் கோணலாக இருப்பதற்குப் பேரனின் பென்சில் காரணமாக இருக்கலாம். குழந்தைகள் பென்சில் ஒல்லி, வேலை செய்து காய்த்த விரலுக்குள் நிற்காது. அதன் மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், பென்சில் தடிக்கும். என் கடையில் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

பேரன் சிரித்தால் அவனை உட்காரவைத்து உங்கள் ராகி மூட்டைக்கு என்ன விலை வந்தது, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்று மனக்கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள், அப்படியே இந்த வருடம் உங்கள் பக்கம் புளி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்றும்.